தரைக்கடியில் குழாய் இறக்கினால் கரண்ட் மிச்சமாகுமா? (நிலத்தடி ஹீட் பம்ப்)

#1 கூரைக்காற்று

வணக்கம். மூன்று மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றின் திட்டம் என் மேசையில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் கட்டாயம், கோடையில் ஏசி கட்டாயம், அப்படி ஓர் இடம். வடிவமைப்பாளர் "ஜியோதெர்மல் ஹீட் பம்ப் போட்டுவிடலாம், இரண்டுக்கும் ஒரே இயந்திரம்" என்கிறார். அவர் கொடுத்த பிரசுரத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம் என்று போட்டிருக்கிறது. படித்தவுடன், போட்ட பணத்தை நாலு மடங்காக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள்தான் ஞாபகம் வந்தன.

மீதி மூன்று யூனிட் எங்கிருந்து வருகிறது? வருடா வருடம் எடுத்துக்கொண்டே இருந்தால் மண் குளிர்ந்துபோகாதா? மாடியில் வைக்கிற, வெளிக்காற்றிலிருந்து சூடு எடுக்கும் சாதாரண ஹீட் பம்ப் போதாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விற்பனையாளர்கள் தயவுசெய்து ஒதுங்கி நில்லுங்கள்.

#2 கம்ப்ரஸர்காரன்

சார், அதுல ஏமாத்து இல்ல. ஃபிரிட்ஜ் பின்னாடி கைய வச்சுப் பாருங்க, சூடா இருக்கும். அந்தச் சூடு மொத்தமும் கரண்ட்ல இருந்து வந்ததில்ல. உள்ள வச்ச சாமான்ல இருந்த சூட்டையும் சேத்து எடுத்து வெளிய தள்ளுது. ஹீட் பம்ப்பும் அதேதான். சூட்டை உண்டாக்கல, ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு மாத்துது. கரண்ட் வெறும் தூக்குக்கூலி.

கெணத்துல தண்ணி இறைக்கிறத நெனச்சுக்கோங்க. தண்ணி மேலயே கெடந்தா மோட்டாருக்கு வேல கம்மி. அடியில போயிட்டா அதே ஒரு குடத்துக்கு ரெண்டு மடங்கு கரண்ட். இங்க "ஆழம்"னா வெப்பநிலை வித்தியாசம். பனி கொட்டுற ராத்திரியில வெளிக்காத்துல இருந்து சூடு எடுக்கிறது ஆழக் கெணறு. மண்ணுல இருந்து எடுக்கிறது மேலாப்புல தண்ணி நிக்கிற கெணறு. அம்புட்டுதான் விஷயம்.

#3 அடிநிலத்தான்

கிணற்று உவமை சரியாகப் பொருந்துகிறது. அதற்கு எண்களும் கொடுத்துவிடுகிறேன் (நிலவியல் படித்தவன், போர் (ஆழ்துளை) போடும் இடங்களில் பாதி வாழ்க்கை போய்விட்டது).

அறையைச் சூடாக்க அதன் தரைக்குள் ஓடும் வெந்நீர் 35 டிகிரி வேண்டும் என்று வையுங்கள். கெல்வினில் 308. மண்ணுக்குள் இறக்கிய குழாயில் சுற்றித் திரும்பி வரும் திரவம் 0 டிகிரி. வெப்ப இயற்பியலின் கார்னோ கணக்குப்படி உச்ச வரம்பு 308-ஐ 35 டிகிரி வித்தியாசத்தால் வகுத்தால் வருவது, அதாவது 8.8. நிஜ இயந்திரம் இதில் ஏறக்குறைய பாதியை எட்டும். பிரசுரத்தில் இருக்கும் நான்கு இப்படித்தான் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்ற இந்த விகிதத்தைத்தான் சி.ஓ.பி. என்கிறார்கள்.

வெளிக்காற்று மைனஸ் 15 இருக்கும் இரவில் அதே 35-க்கு ஏற்ற வேண்டுமென்றால் வித்தியாசம் 50. வரம்பு 6.2-க்கு இறங்கிவிடுகிறது, நிஜத்தில் இரண்டரை கிடைத்தால் நல்லது. போதாக்குறைக்கு வெளியே இருக்கும் காயிலில் பனி படியும். அதை உருக்க அவ்வப்போது ஓட்டத்தைத் திருப்பி, கட்டிடத்துக்குள் போக வேண்டிய சூட்டையே செலவு செய்ய வேண்டும். கட்டிடத்துக்கு அதிகம் வெப்பம் தேவைப்படும் நேரத்தில்தான் காற்று மிகக் குறைவாகக் கொடுக்கும். மண்ணுக்கு இந்தப் புத்தி கிடையாது.

ஒன்று கவனியுங்கள். பழைய ரேடியேட்டர்களை வைத்துக்கொண்டு 55 டிகிரி கேட்டால் வரம்பு 6, நிஜம் சுமார் 3. அடியில் எவ்வளவு நல்ல போர் போட்டாலும் மேலே கேட்கும் சூடு அதிகமென்றால் பாதி லாபம் அங்கேயே போய்விடும். அறைத் தரைக்குள் குழாய் பதிப்பதா, பெரிய ரேடியேட்டர் போடுவதா என்ற முடிவை போர் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

#4 ஏழாம்பக்கம்

"ஜியோதெர்மல்" என்ற பெயரே முதல் பொய் என்பது என் கட்சி. பூமியின் உள்ளிருந்து மேலே கசியும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 0.065 வாட். 500 சதுர மீட்டர் மனைக்குக் கணக்குப் போட்டால் 32 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குக்கூடக் காணாது. ஒரு வீட்டுக்கே 8 கிலோவாட் வெப்பம் தேவைப்படும். எரிமலைப் படத்தை அட்டையில் போட்டு விற்கிறார்கள். ஐஸ்லாந்தில் கொதிநீரை நேராகக் குழாயில் விட்டு வீடுகளைச் சூடாக்குவது வேறு, இது வேறு.

#5 அடிநிலத்தான்

> "ஜியோதெர்மல்" என்ற பெயரே முதல் பொய்

கணக்கு சரி, மறுக்க மாட்டேன். ஆனால் பெயர் தவறு என்பதால் பொருளும் தவறு ஆகிவிடாது. நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் மேலிருந்து இறங்கிய வெயில். மண் அதைச் சேர்த்து வைத்திருக்கிறது.

பாரிஸ் வானாய்வகத்துக்கு அடியில் 28 மீட்டர் ஆழத்தில் பழைய சுரங்க அறைகள் உண்டு. 1783-இல் வேதியியலாளர் லவாய்சியே அங்கே ஒரு வெப்பமானியை வைத்தார். மேலே வெயில் கொளுத்தினாலும் உறைபனி விழுந்தாலும் அது 11.8 டிகிரியை ஒட்டியே நின்றது. மேற்பரப்பின் கோடை குளிர்கால ஏற்ற இறக்கம் ஒரு அலைபோல மண்ணுக்குள் இறங்கும். சாதாரண மண்ணில் ஒவ்வொரு இரண்டரை மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தேயும். பத்து மீட்டர் போனால் மிஞ்சுவது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. இறங்க நேரமும் ஆகிறது: ஏழெட்டு மீட்டரில் அலை அரை வருடம் பிந்திவிடும். மேலே பனி பெய்யும்போதுதான் கோடை அங்கே போய்ச் சேர்கிறது, வலு முழுக்க இழந்து. அதற்குக் கீழே இருப்பது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைதான், கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்ற உள் ஏற்றம் சேர்ந்து.

எனவே கூரைக்காற்று அவர்களே, உங்கள் இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டி எவ்வளவு பெரிது, திரும்ப எப்படி நிரம்புகிறது என்று யாரும் கணக்குப் போடாவிட்டால் மண் குளிர்ந்துபோகத்தான் செய்யும்.

#6 தேன்சிட்டு

அந்தக் குளிர்ந்துபோன மண் எங்க வீட்டுக்கு அடியிலதான் இருந்துச்சு. சொல்றேன், யாருக்காவது உதவட்டும்.

வீட்டுக்கு ஒரு போர், நூறு மீட்டர். போட்டவங்க பேரு வேண்டாம், இப்ப அவங்களும் அந்தத் தொழில்ல இல்ல. மொத வருஷம் சொர்க்கம். சத்தமே இல்ல, வாசல்ல உறுமுற பெட்டி இல்ல, எல்லாரும் வந்து வேடிக்கை பாத்துட்டுப் போனாங்க. ரெண்டாவது குளிர்காலத்துல பில்லு கொஞ்சம் ஏறுச்சு. மூணாவதுல வீடு சூடாத்தான் இருந்துச்சு, ஆனா பில்லைப் பாத்து மயக்கம் வந்துருச்சு.

மெஷின்ல "போரிலிருந்து வரும் வெப்பநிலை"ன்னு ஒரு பக்கம் இருக்கு. எனக்கு அது தெரியவே தெரியாது. ஒருத்தர் வந்து தொறந்து காட்டினார். மொத வருஷம் பிப்ரவரியில 4 டிகிரி, அடுத்த வருஷம் 1, இப்ப மைனஸ் 4. மெஷின் திணறுனதும் உள்ள இருக்கிற கரண்ட் ஹீட்டர் தானா ஆன் ஆகி ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு விளக்கு எரியல, ஒரு எச்சரிக்கை வரல. வீடு சூடா இருந்ததாலயே யாருக்கும் தெரியல.

#7 கம்ப்ரஸர்காரன்

அக்கா, உங்க வீட்டுக்குத் தேவை எத்தன கிலோவாட்னு ஞாபகம் இருக்கா?

#8 தேன்சிட்டு

அப்பறமா அளந்தப்ப எட்டு.

#9 கம்ப்ரஸர்காரன்

அப்ப கதை முடிஞ்சுதே. எட்டு கிலோவாட், சி.ஓ.பி. நாலு. ரெண்டு கரண்ட்ல இருந்து, ஆறு மண்ணுல இருந்து. மண்ணு நல்லா இருந்தா மீட்டருக்கு அம்பது வாட், சுமாரா இருந்தா நாப்பது, காஞ்ச மணலா இருந்தா முப்பதுகூடத் தேறாது. நாப்பதுன்னு வச்சாலே 150 மீட்டர் வேணும். உங்களுக்கு நூறுதான் இறக்கிருக்காங்க. அம்பது மீட்டர் மிச்சம் பிடிச்சு உங்க தலையில கட்டிட்டாங்க.

மண்ணு ஒண்ணும் ஏமாத்தல அக்கா. குறைஞ்ச அளவு போட்டதுக்கு அது மூணு வருஷம் தாக்குப்பிடிச்சதே பெருசு. காத்து ஹீட் பம்ப்ல தப்புப் பண்ணா மொத குளிர்லயே தெரிஞ்சுரும். இதுல தப்பு மெதுவா வரும், அதான் ஆபத்து.

எப்படிச் சரி பண்ணீங்க?

#10 தேன்சிட்டு

எட்டு மீட்டர் தள்ளி இன்னொரு போர். கூடவே கோடையில அறைச் சூட்டை உறிஞ்சி அந்த ரெண்டு போருக்குள்ளயும் விடுற மாதிரி ஒரு காயில். கம்ப்ரஸர் ஓடாது, சின்னப் பம்ப் மட்டும் ஓடும். வீடும் குளுகுளுன்னு இருக்கு, மண்ணும் சூடேறுது. இப்ப அஞ்சு வருஷமா பிப்ரவரியில 3 டிகிரிக்குக் கீழ போகல. பத்து நாளைக்கு ஒருதரம் அந்தப் பக்கத்தத் தொறந்து பாக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

#11 நிழல்குடை

வெப்ப மண்டலத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன லாபம்? எங்களுக்கு ஹீட்டர் என்றால் குளியலறை கீசர் மட்டும்தான்.

#12 அடிநிலத்தான்

நேர்மையாகச் சொன்னால், குறைவு.

ஆண்டுச் சராசரி 28 டிகிரி உள்ள இடத்தில் மண்ணும் 28 டிகிரிதான். பிற்பகலில் வெளியே 40 இருக்கும்போது மண்ணில் சூட்டைத் தள்ளுவது சுலபம், சந்தேகமில்லை. இரவில் காற்றே 27-க்கு வந்துவிட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வருடம் முழுக்கச் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பீர்கள், எடுப்பதற்கு ஆளில்லை. தேன்சிட்டு வீட்டில் நடந்ததன் மறுபக்கம்: மண் சூடேறிக்கொண்டே போகும். நிறைய வெந்நீர் செலவாகும் மருத்துவமனையோ விடுதியோ என்றால் கதை மாறும். ஏசி வெளியே தள்ளும் சூட்டை அங்கே தண்ணீருக்கே கொடுத்துவிடலாம். அப்போதும் சேரும் மிச்சச் சூட்டுக்குக் கூலிங் டவர் ஒன்றைத் துணைக்கு வைப்பது நடைமுறை.

குளிரும் வெயிலும் சரிபாதியாக வரும் இடம்தான் இதற்கு வாய்ப்பான நிலம். கூரைக்காற்று சொன்ன கட்டிடம் ஏறக்குறைய அப்படி. ஆனால் "சரிபாதி" என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்காலத்தில் கட்டிடத்துக்கு 100 பங்கு வெப்பம் கொடுத்தால் மண்ணிலிருந்து எடுப்பது 75, மீதி கம்ப்ரஸரின் உழைப்பு. கோடையில் கட்டிடத்திலிருந்து 100 பங்கு எடுத்தால் மண்ணுக்குள் போவது 120, அங்கேயும் கம்ப்ரஸரின் சூடு சேர்ந்துவிடுகிறது. இரண்டும் சமம் என்று எழுதியிருக்கும் கட்டிடம் உண்மையில் வருடத்துக்கு 45 பங்கு மண்ணைச் சூடாக்குகிறது. அலுவலகம் என்றால் கம்ப்யூட்டர், விளக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து ஏசி பக்கமே தராசு சாயும். வடிவமைப்பாளரிடம் இருபது வருடத்துக்கான மண் வெப்பநிலைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

#13 கூரைக்காற்று

இந்த 75, 120 கணக்கை இதுவரை யாருமே எனக்குச் சொல்லவில்லை. எங்கள் கட்டிடத்தில் சர்வர் அறை ஒன்று வேறு இருக்கிறது, வருடம் முழுக்கக் குளிர்விக்க வேண்டும். அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசமா?

#14 கம்ப்ரஸர்காரன்

மோசம் இல்ல சார், அது யோகம். ஒரே தண்ணிக் குழாய் கட்டடம் பூரா சுத்துதுன்னு வைங்க. ஜனவரியில சர்வர் ரூமு சூட்டை அந்தத் தண்ணியில விடும், வடக்குப் பக்கத்து அறைங்க அதே தண்ணியில இருந்து சூட்டை எடுத்துக்கும். மண்ணுக்குப் போகவே வேண்டாம். மிச்சம் இருந்தா மட்டும் போருக்குப் போகும். இதையே தெரு முழுக்கச் செய்யிறாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஃபிரேமிங்ஹாம்ங்கிற ஊர்ல எரிவாயு விநியோகிக்கிற நிறுவனமே 2024-ல தெருவுக்கு அடியில இப்படிக் குழாய் போட்டு வீடு, கடை எல்லாத்தையும் கோத்து விட்டிருக்கு.

#15 நெறியாளர்

ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலோடு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தொடருங்கள்.

#16 ஏழாம்பக்கம்

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் நான் எதிர்ப்பக்கம் உட்காருகிறேன்.

முதலில் புகை. எரிவாயு எரித்தால் கிலோவாட் மணிக்குச் சுமார் 0.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 90 சதவீதத் திறன் உள்ள பாய்லர் என்றால் 0.22. முழுக்க நிலக்கரியில் வரும் மின்சாரம் யூனிட்டுக்கு 0.9-க்கு மேல். அதை நான்கால் வகுத்தாலும் 0.23. ஆக, நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் எரிவாயு பாய்லரைவிட ஒரு துளியும் சுத்தமில்லை. மின்கட்டத்தில் காற்றாலையும் சூரியசக்தியும் நீர்மின்சாரமும் ஏற ஏறத்தான் இது வெல்லும்.

இரண்டாவது, போர். ஜெர்மனியில் ஷ்டவுஃபன் என்ற பழைய ஊர். 2007-இல் நகர்மன்றக் கட்டிடத்துக்காக 140 மீட்டர் ஆழத்தில் ஏழு போர்கள் போட்டார்கள். அடியில் அன்ஹைட்ரைட் என்ற கனிமப் படலம் இருந்தது. போர் வழியாக நிலத்தடி நீர் அதில் புகுந்தது. அன்ஹைட்ரைட் தண்ணீர் குடித்தால் ஜிப்சமாக மாறி உப்பும். ஊர் மெல்ல மேலே எழும்பியது. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல். கரண்ட் மிச்சம் பிடிக்கப் போய் ஊரே பிளந்தது.

#17 அடிநிலத்தான்

ஷ்டவுஃபன் பற்றி மறுப்பே இல்லை. எங்கள் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறேன். குழாயை இறக்கியபின் போரின் இடைவெளியை பெண்டோனைட் களிமண் கலவையால் அடியிலிருந்து மேல்வரை நிரப்ப வேண்டும், கிரவுட் என்பார்கள். ஒரு நீர்த்தட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே புது வழி திறந்துவிடாமல் அடைப்பது அதுதான். வெப்பம் கடத்துவதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் பலர் அதில்தான் கஞ்சத்தனம் பிடிப்பார்கள்.

புகைக் கணக்கும் சரி, ஆனால் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. பாய்லர் இருபது வருடம் கழித்தும் அதே 0.22-தான். மின்சாரம் மாறும்போது ஹீட் பம்ப் உட்கார்ந்த இடத்திலேயே சுத்தமாகிக்கொண்டு வரும். மின்கட்டத்தையும் பாருங்கள். மிகக் குளிரான இரவில் எல்லா வீடும் காற்று ஹீட் பம்ப் என்றால் எல்லாமே ஒரே நேரத்தில் திணறி, எல்லா உள் ஹீட்டரும் ஒன்றாக எரியும். அந்த உச்சத்துக்காகவே மின்நிலையம் கட்ட வேண்டும். நிலத்தடி முறை பரவினால் அமெரிக்காவில் 24,500 மைல் நீளத்துக்குப் புதிய மின்தொடர் தேவைப்படாது என்று 2023-இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் கணக்கிட்டது. எனக்கு இதன் பெரிய நன்மை இதுதான். கட்டிட உரிமையாளரின் பில்லில் இது தெரியாது, அதனால் யாரும் பேசுவதில்லை.

"புதுத் தொழில்நுட்பத்துக்குச் சோதனை எலி ஆக வேண்டாம்" என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். ஹீட் பம்ப்பின் தத்துவத்தை இயற்பியலாளர் கெல்வின் 1852-இலேயே எழுதிவிட்டார். சூரிச் நகர மன்றம் 1938-இல் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து சூடு எடுத்தது. அமெரிக்காவின் இண்டியானாவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2009-இல் தொடங்கி 3,600 போர்களுக்கு அருகில் போட்டு நிலக்கரிக் கொதிகலன்களை நிறுத்தியது. எலிகள் எல்லாம் கிழடாகிவிட்டன.

#18 கூரைக்காற்று

சரி. எத்தனை மீட்டர் வேண்டும் என்பதைப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? தேன்சிட்டு பட்ட பாடு நான் படக்கூடாது.

#19 அடிநிலத்தான்

உண்டு. ஒரே ஒரு போர் முதலில். குழாய் இறக்கி, கிரவுட் செய்து, ஆறவிட்டு, மாறாத அளவில் வெப்பத்தை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உள்ளே செலுத்துவார்கள். திரவம் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்று பார்த்தால் மண்ணின் கடத்தும் திறன் கிடைத்துவிடும். ஸ்வீடனில் மோகென்சன் என்பவர் 1983-இல் முன்வைத்த யோசனை. சுண்ணாம்போ களிமண்ணோ என்று ஊகிக்கத் தேவையில்லை. அந்தச் சோதனைப் போர் வீணாகாது, பிறகு அதையே வலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

#20 கம்ப்ரஸர்காரன்

சுத்துப் பம்பையும் பாருங்க சார். கம்ப்ரஸர்ல மிச்சம் பிடிச்சதை ராத்திரி பகலா ஓடுற பெரிய பம்பு தின்னுட்டுப் போற எடங்களை நெறய பாத்திருக்கேன். தேவைக்கு ஏத்த மாதிரி வேகம் கூடிக் குறையிற பம்பு கேளுங்க. மெஷினு உள்ள இருக்கிறதால மழை வெயில் படாது, இருபது வருஷம் தாராளமா ஓடும். அடியில இறக்குற எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் அம்பது வருஷத்துக்கு மேல நிக்கும், மெஷினை ரெண்டு தடவ மாத்தினாலும் குழாய் அதே குழாய்தான்.

#21 கூரைக்காற்று

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சோதனைப் போர் 120 மீட்டர் போட்டாயிற்று. தொடாத மண்ணின் வெப்பநிலை 13.4 டிகிரி. மண்ணின் வெப்பக் கடத்துதிறன் 3.9 என்று அறிக்கை வந்திருக்கிறது. "அருமையான எண், போர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்" என்கிறார் வடிவமைப்பாளர். 70 மீட்டரில் நிறையத் தண்ணீர் வந்ததாகப் போர் போட்ட ரிக்காரர் சொன்னார்.

#22 அடிநிலத்தான்

எந்த வகை மண்?

#23 கூரைக்காற்று

மேலே களிமண், 60-க்குக் கீழே சரளை.

#24 அடிநிலத்தான்

அந்த மண்ணுக்கு 3.9 அதிகம். கருங்கல்லுக்கே மூன்றை ஒட்டித்தான் வரும். அறிக்கையில் வரைபடம் இருக்கும். நேரத்தை மடக்கை அளவில் போட்டால் வெப்பநிலை நேர்கோடாக ஏற வேண்டும். உங்களுடையது நேராகப் போகிறதா, போகப்போகப் படுக்கிறதா?

#25 கூரைக்காற்று

இரண்டாவது நாளுக்குப் பிறகு ஏறக்குறைய படுத்துவிட்டது.

#26 அடிநிலத்தான்

அப்படியானால் அது மண்ணின் கடத்துதிறன் அல்ல. சரளைக்குள் நீர் ஓடுகிறது, நீங்கள் போட்ட சூட்டை அடித்துக்கொண்டு போகிறது. கோடையில் மிஞ்சும் அந்த 45 பங்கு பற்றிய கவலை உங்களுக்கு இனி இல்லை, தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் கோடைச் சூட்டைக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் கணக்கும் அதோடு போய்விடும். 3.9-ஐ வைத்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் என்னாகும் என்று பாருங்கள். நீரோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மென்பொருளில் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள்.

#27 தேன்சிட்டு

ஓடுற தண்ணியா? எங்க வீட்டுக்கு அடியில அது இருந்திருந்தா அந்த ஒத்தப் போரே போதுமா இருந்திருக்கும்!